மட்டக்களப்பில் மூன்று நாள்: வாவியின் நேரத்துக்கு ஊர் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாசிக்குடாவுக்கோ அறுகம்குடாவுக்கோ போகிற வழியில் மட்டக்களப்பில் ஒரு மத்தியானம் இறங்கி, கோட்டையைச் சுற்றி, கல்லடிப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் பார்த்தது இந்த ஊரின் மிக மோசமான நேரத்தை. காலை 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் இடையில் வாவிக்கரையில் நிழல் குறைவு, தோணிகள் கரையில் கிடக்கும், கடைக்காரர்கூட உள்ளே ஒதுங்கியிருப்பார். ஊர் விழித்திருப்பது காலை 5.30 முதல் 9 வரை, பிறகு பின்னேரம் 4 முதல் இரவு வரை. மட்டக்களப்புக்குக் குறைந்தது இரண்டு இரவு வேண்டும். மூன்று நாள் இருந்தால் நிறைவாகப் பார்க்கலாம். மத்தியானங்களைச் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் ஒதுக்கிவிட்டுத் திட்டம் போடுங்கள்.

முதலில் இடத்தின் அமைப்பு

இது தெரியாமல் வந்தால் ஒரே பாலத்தை நாலு தரம் கடந்து அரை நாளை வீணாக்குவீர்கள். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீளம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம் ஒன்று தெற்கே ஓடுகிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு எல்லாம் அதன் மேல்தான். அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் கோயிலும் நிறைந்த கிராமங்கள் படுவான்கரை. பழைய நகரம் இருக்கும் புளியந்தீவு வாவிக்குள் கிடக்கும் தீவு. அதைக் கோட்டைமுனையுடன் பாலம் இணைக்கிறது. கோட்டைமுனைப் பக்கத்திலிருந்து கல்லடிக்குப் போக கல்லடிப் பாலம்.

படுவான்கரைக்குக் கடக்க வடக்கே வலையிறவுப் பாலம், நடுவே 2014 இல் திறந்த மண்முனைப் பாலம், அதற்குத் தெற்கே பாதைகள். இங்கே பாதை என்றால் மனிதரையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. ஒரு நாளுக்கு ஒரு கரை என்று வைத்துக்கொண்டால் களைப்பும் ஓட்டோக் கூலியும் பாதியாகும்.

எந்த மாதம்

ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரிக்குள் கொட்டிவிடும். நவம்பர், டிசம்பரில் வாவி நிரம்பி, படுவான்கரையில் பல வீதிகள் நீருக்குள் போகும். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி பெருவெள்ளத்தில் துண்டிக்கப்பட்டு, மக்கள் படகில் போய்வருவது வழமையாகவே நடக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியை இந்த மாவட்டம் இன்னும் பேசுகிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானிலை அறிக்கை வந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், பிடிவாதம் வேண்டாம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை டெங்குவும் கூடும். அந்த மாதங்களில் வருபவர்கள் நுளம்பு வலை உள்ள அறையாகப் பார்த்து எடுக்கவேண்டும்.

பெப்ரவரி கடைசியும் மார்ச்சும் எங்கள் கணிப்பில் மிக நல்ல காலம். பெரும்போக அறுவடை நடக்கும், வயலில் பறவைகள் நிற்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. வாவிக்குள் இரவில் எழும் ஒலியை ஊர் “மீன் பாடுகிறது” என்று சொல்லும். அதைக் கேட்கவேண்டும் என்றால் மட்டும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வரவேண்டும். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். காய்ந்த, சூடான காற்று. சைக்கிள் ஓட்டுபவருக்கு நெஞ்சு வறண்டுவிடும், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் இல்லாமல் கிளம்பவேண்டாம்.

திருவிழா நாளில் வருவதானால் அறையை முன்கூட்டியே பிடியுங்கள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் மிகப் பெரிய கூட்டம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் திருக்குளிர்த்திச் சடங்கு. ஆவணியை ஒட்டி கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் திருவிழா. அந்த நாள்களில் வாவிக்கரையே வேறு ஊராகிவிடும். அமைதி தேடி வருகிறவர் அந்த வாரத்தைத் தவிர்க்கவேண்டும். மக்களைப் பார்க்க வருகிறவர் அந்த வாரத்தில்தான் வரவேண்டும்.

வந்து சேர்வது

கொழும்பு கோட்டையிலிருந்து ரயிலில் ஒன்பது மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் ரயில் உதயதேவி, காலை 6 மணியளவில் புறப்படும். இரவு ரயில் மீனகயா. எங்கள் தெரிவு இரவு ரயில்தான். விடியுமுன் வந்து இறங்கினால் ஓட்டோ பிடித்து நேரே கல்லடிக் கடற்கரைக்குப் போய் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு அறைக்குப் போகலாம். அறை காலையிலேயே கிடைக்குமா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பையை வைக்கவாவது ஒப்புக்கொள்வார்கள். பகல் ரயிலில் வந்தால் பொலன்னறுவை தாண்டி மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும் இடத்தை ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள்.

முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். நீண்ட வார இறுதிக்கும் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டுக்கும் திறந்த அன்றே இருக்கை போய்விடும். கல்ஓயா, ஹபரணை, பொலன்னறுவைப் பக்கம் யானை தண்டவாளத்தைக் கடக்கும் பகுதி என்பதால் ரயில் மெதுவாகப் போகும். ஒரு மணித்தியாலம் பிந்துவதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு அடுத்த பயணத்தைத் திட்டமிடுங்கள்.

பஸ் என்றால் கொழும்பிலிருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியாக இரவு பஸ்கள் ஓடுகின்றன. கண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு மஹியங்கனை, மகாஓயா வழி செங்கலடியில் வந்து ஏறும் வீதி உண்டு. பதுளைப் பக்கமிருந்தும் அதே செங்கலடிதான். திருகோணமலை சுமார் 135 கிலோமீற்றர்.

ரயில் நிலையம் கோட்டைமுனைப் பக்கம். அங்கிருந்து புளியந்தீவுக்குப் பை இலேசாக இருந்தால் நடக்கலாம். கல்லடிக்கு ஓட்டோதான். ஏறுமுன் கூலியைப் பேசிவிடுங்கள். “அண்ணன், கல்லடிப் பாலம் தாண்டி எவ்வளவு?” என்று கேட்டு, சொன்ன தொகைக்கு ஒப்புக்கொண்டபின் ஏறினால் இறங்கும்போது மனக்கசப்பு வராது.

எங்கே தங்குவது

நடந்தே ஊர் பார்க்கிறவர்களுக்குப் புளியந்தீவும் கோட்டைமுனையும். கடற்கரையும் வாவியும் இரண்டும் வேண்டும் என்றால் கல்லடி. அங்கே நிலம் அவ்வளவு ஒடுக்கம் என்பதால் இரண்டு நீரையும் நடந்தே எட்டலாம். ஆளரவம் வேண்டாம் என்றால் பாலமீன்மடுப் பக்கம், ஆனால் இரவில் சாப்பாட்டுக்கு நகருக்கு வரவேண்டியிருக்கும். அறையை எடுக்குமுன் மூன்று விடயம் பாருங்கள்: ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, மின்விசிறி கட்டிலுக்கு நேரே இருக்கிறதா, குழாய் நீர் உவர்க்கிறதா. கடலோர நிலத்தில் சில கிணறுகள் உவர்நீர் தரும். குளிக்கப் பரவாயில்லை, குடிக்க முடியாது.

முதல் நாள்: புளியந்தீவு

காலை ஆறு மணிக்கு வாவிக்கரையோரம் காந்தி பூங்காவில் தொடங்குங்கள். பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரம். வாவிக்கரையில் நிற்கும் ‘மட்டக்களப்பு வாசல்’, படகுகளே போக்குவரத்தாக இருந்த காலத்தின் மிச்சம். 1814 இல் வந்த வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி இந்த நகரில்தான் பள்ளி தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேர் அது. புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் தொடங்கியது. இரண்டும் புளியந்தீவிலேயே, சில நிமிட நடையில். பாடசாலை நாளில் 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில் இந்தத் தெருக்கள் பிள்ளைகளால் நிரம்பிவிடும். அந்த அரை மணித்தியாலம் வண்டியில் போகவேண்டாம், ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638 இல், கண்டி மன்னனுடன் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஒல்லாந்தக் கப்பல் இலங்கைக் கரையில் முதலில் வந்து சேர்ந்ததும் 1602 இல் மட்டக்களப்பில்தான். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நாலு மூலையில் கொத்தளம் என்று சிறிய கோட்டை. நீண்ட காலம் உள்ளே கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகம் இயங்கியதால் மதில் தப்பியிருக்கிறது. வேலை நாளின் காலையில் வாசலில் நிற்பவரிடம் “ஐயா, உள்ளே சுற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள். மேலேறும் இடத்தில் கல் தேய்ந்து வழுக்கும், மழைக்குப் பிறகு ஏறவேண்டாம். கோட்டையின் முழு வடிவம் உள்ளே நின்றால் தெரியாது. வாவிக்கு அப்பால் நின்று பார்க்கும்போதுதான் மதில் நீரிலிருந்து எழும்புவது தெரியும். படம் எடுப்பவர் எதிர்க்கரைக்கு ஒரு தரம் போய் வரவேண்டும்.

புனித மரியாள் இணைப் பேராலயம் வரைக்கும் நடந்துவிட்டு 9 மணிக்குள் முடியுங்கள். இந்த நகரில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சமூகம் இன்றும் வாழ்கிறது. முதியவர்கள் சிலர் போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசுகிறார்கள். கடற்கரைப் பக்கம் டச்பாரில் இருந்த அவர்களது குடியிருப்பு 2004 சுனாமியில் பெரிதும் அழிந்தது.

பின்னேரம் 4 மணிக்குக் கல்லடி. 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தை ஒட்டியே 2013 இல் திறந்த புதிய பாலம் நிற்கிறது. நடந்து கடக்கப் பழைய பாலமே நல்லது. தூண்டில் போடுகிறவர்கள் கைப்பிடியோரம் நிற்பார்கள். பின்னால் போகும்போது “தம்பி, வாறன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போங்கள், தூண்டிலைப் பின்னே வீசும்போது கொக்கி முகத்தில் படலாம். பாலம் தாண்டிக் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. 1892 இல் காரைதீவில் பிறந்தவர், பண்டைத் தமிழிசை ஆய்வான யாழ்நூலை உலகுக்குத் தந்த 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயமும் பக்கத்தில்தான். தமிழிசை தெரிந்தவர்கள் இங்கே அரை மணித்தியாலம் ஒதுக்கவேண்டும்.

கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சுனாமியில் சாய்ந்த நிலையில் நின்றது பலருக்கும் தெரிந்த காட்சி. இந்தக் கரையில் அலை ஓரமாகவே ஆழம் விழுகிறது, கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். நீந்தவேண்டும் என்றால் 35 கிலோமீற்றர் வடக்கே பாசிக்குடா. நீருக்குள் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான்.

மீன் பாடுவதைக் கேட்பது எப்படி

பலர் ஏமாந்து போவது இதில்தான். அதற்குக் காரணம் மீன் அல்ல, அவர்கள் போன முறை. பாலத்தின் மேல் நின்று காதைத் தீட்டினால் லொறிச் சத்தம்தான் கேட்கும். நீருக்குள் எழும் ஒலி நீர்மட்டத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும், காற்றுக்கு வருவது மிகக் கொஞ்சம். அதனால் நீரையும் காதையும் இணைக்க ஒரு மரம் வேண்டும்.

ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் ஒரு பூரணையை, அல்லது அதற்கு ஒரு நாள் முன் பின்னைத் தெரிவு செய்யுங்கள். பூரணை போயா விடுமுறை. அன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு என்பதை நினைவில் வையுங்கள். பகலிலேயே கல்லடிப் பாலத்தடியிலோ தங்குமிடத்திலோ சொல்லி, வாவியில் தொழில் செய்யும் ஒருவரின் தோணியைப் பேசுங்கள். அவருக்குத்தான் எங்கே வலை போட்டிருக்கிறது, எங்கே கல் கிடக்கிறது என்று தெரியும். கூலியை மணித்தியாலக் கணக்கில் பேசுங்கள், குறைந்தது இரண்டு மணித்தியாலம் வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத தோணியில் இரவில் ஏறவேண்டாம்.

இரவு 10 மணிக்கு முன் போய்ப் பயனில்லை, பாலத்தில் வாகனம் குறையவேண்டும். காற்று இருந்து நீர் தோணியில் தட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை, அன்றைக்குத் திரும்பிவிட்டு மறுநாள் போங்கள். பாலத்தை விட்டுச் சற்று விலகி இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் எவரும் அசையாமல் இருக்கவேண்டும். பிறகு துடுப்பின் தட்டைப் பக்கத்தை இரண்டு முழம் நீருக்குள் செங்குத்தாக இறக்கி, பிடியின் முனையைக் காதுத் துளைக்கு முன்னே இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். மற்றக் காதை விரலால் மூடுங்கள். துடுப்பு தோணியின் விளிம்பில் முட்டக்கூடாது, முட்டினால் தோணியின் உராய்வுதான் கேட்கும். கேட்கவேண்டியது மெட்டுள்ள பாட்டு அல்ல. நரம்பை மெல்லத் தட்டிவிட்டதுபோல் தனித்தனியாக எழும் ஒலி. ஒன்று தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் வரும். ஓரிடத்தில் கேட்கவில்லை என்றால் இருபது முப்பது மீற்றர் நகர்ந்து மறுபடி இறக்குங்கள்.

ஒலியை எழுப்புவது எது என்பதில் இன்றும் முடிவான விடை இல்லை. ஊர்ப் பேச்சில் மீன். வாவித் தொழிலாளர்கள் பலர் ஊரி என்ற சிறு நத்தை என்பார்கள். 1848 இல் இங்கு வந்து தோணியில் போய்க் கேட்ட எமர்சன் டெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரியிடமும் மீனவர்கள் ஊரியைத்தான் காட்டினார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அருட்தந்தை லாங் அந்த ஒலியைப் பதிவு செய்தார். அவர் செய்த வேலைக்காகவாவது இந்த வாவியை இரைச்சலின்றி வைத்திருக்க ஊர் முன்வரவேண்டும் என்பது எங்கள் ஆசை. பாடல் போட்டுக்கொண்டு ஓடும் உல்லாசப் படகில் ஏறி மீன் பாட்டுத் தேடாதீர்கள்.

இரண்டாம் நாள்: படுவான்கரை

மூன்று நாளில் ஒன்றைத்தான் பார்க்கமுடியும் என்றால் இதைப் பாருங்கள். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒரு சுற்று, ஏறத்தாழ 40 கிலோமீற்றர், முழுக்க மட்டமான நிலம். சைக்கிளுக்கு நிறுத்தங்களோடு ஐந்து மணித்தியாலம் வையுங்கள். முதல் நாள் பின்னேரமே டயரில் காற்றுப் பார்த்து, வண்டிக்கு எண்ணெய் அடித்து, சில்லறைப் பணமும் எடுத்துவிடுங்கள். மேற்குக் கரையில் ஏரிஎம் கிடைப்பது அரிது.

காலை 5.45 க்கு நகரிலிருந்து வலையிறவுப் பாலம் வழியாகக் கிளம்புங்கள். சூரியன் முதுகுப் பக்கம் வருவதால் கண் கூசாது. எதிர்த் திசையில் சுற்றுகிறவர்கள் காத்தான்குடி வீதியின் நெரிசலைக் காலையிலேயே சந்தித்து, வயல்வெளியை உச்சி வெயிலில் கடக்க நேரிடும். பாலத்தில் இறங்கி நில்லுங்கள். வீச்சுவலைக்காரர் இடுப்பளவு நீரில் நின்று வலையின் ஒரு நுனியைத் தோளில் போட்டு, மணியுள்ள ஓரத்தைப் பற்களால் கவ்விக்கொண்டு, உடம்பைச் சுழற்றி விடுவார். வலை வட்டமாக விரிந்து நீரில் விழும். பல்லில் பிடித்ததை விட ஒரு கணம் பிந்தினாலும் வட்டம் கோணிவிடும், அதற்குள் மீன் நழுவிவிடும். படம் எடுப்பதானால் முதலில் கேளுங்கள், அவருக்கும் சூரியனுக்கும் நடுவே நிழல் விழ நிற்காதீர்கள்.

வவுணதீவு, கன்னன்குடா என்று தெற்கே இறங்கும்போது ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாவி மாறிமாறி வரும். இவை கூத்து வளர்ந்த ஊர்கள், வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்தும் இன்றும் ஆடப்படுகின்றன. அறுவடை முடிந்த மாதங்களில் வந்தால் தேத்தண்ணிக் கடையில் “அண்ணன், எங்கயாவது கூத்து அரங்கேற்றம் இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். “இருக்கு மனே, இரவு பத்து மணிக்குப் பிறகு வாங்க” என்று விடை வந்தால் அதிர்ஷ்டம். விடியும்வரை நடக்கும். வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி நிலத்தில் இருந்து பார்ப்பார்கள், பாய் ஒன்று கொண்டு போங்கள், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்கு முன்னால் மட்டும் போய் நிற்காதீர்கள். அப்படித் தங்குவதானால் இருட்டில் திரும்பாமல் விடிந்தபின் திரும்புங்கள். இந்தக் கரையில் யானை வரும். பொழுதுபட்டபின் வெளியூரார் மோட்டார் சைக்கிளில் தனியே ஓடக்கூடாத வீதிகள் இவை, ஊரவரே அந்த நேரத்தில் தயங்குவார்கள்.

மகிழடித்தீவு, முதலைக்குடா தாண்டினால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயில் மாவட்டத்தின் மிகப் போற்றப்படும் சிவன் கோயில். போர்த்துக்கேயர் கோயிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற ஐதீகத்தோடு அந்த நந்தியைக் காட்டுவார்கள். 8.30 மணிக்குள் வந்து சேர்ந்தால் காலைப் பூசையோடு அமைதியாக வழிபடலாம். காற்சட்டையோடு வருகிறவர் பையில் ஒரு வேட்டியோ சாரமோ வைத்திருங்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்றுவதை அங்கு மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். உள்ளே படம் வேண்டாம்.

அங்கிருந்து மண்முனைப் பாலம் கடந்து ஆரையம்பதிப் பக்கம் ஏறி, காத்தான்குடி வழியாகத் திரும்புங்கள். நடுவீதியில் வரிசையாகப் பேரீச்சை மரம் நிற்பதைப் பார்த்தால் காத்தான்குடி என்று கண்டுகொள்ளலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்காகக் கடைகள் பூட்டும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக்கடை இராது, இரவில் தெரு களைகட்டும். மஸ்கட் என்ற இனிப்பு வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை. எண்ணெய் கசிந்தாலும் துண்டு உடையாமல் வளைந்தால் அது புதிது. பூர்வீக நூதனசாலையையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாவியில் முதலை உண்டு. படுவான்கரைத் துறைகளில் ஊரவர் இறங்கிக் குளிக்கும் இடத்தில்கூட அவர்களிடம் கேளாமல் கால் வைக்காதீர்கள். புல்லும் கண்டல் மரமும் அடர்ந்த ஓரங்களில் இறங்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள்: பாதையில் மண்டூருக்கு, அல்லது முகத்துவாரம்

இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தெற்கே போகிறவர்கள் களுவாஞ்சிகுடி வரை பஸ்ஸில் போய், குருமண்வெளித் துறையிலிருந்து பாதையில் மண்டூருக்குக் கடக்கலாம். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் பாதை உண்டு. வெள்ள காலத்திலும் பலத்த காற்றிலும் நிறுத்திவிடுவார்கள், போகுமுன் களுவாஞ்சிகுடியிலேயே ஓடுகிறதா என்று கேளுங்கள். மோட்டார் சைக்கிளை ஏற்றும்போது இயந்திரத்தை அணைத்து, நியூட்ரலில் போட்டு, முன் பிரேக்கில் கை வைத்தபடி உருட்டி ஏற்றுங்கள். ஏறும் தட்டு நனைந்திருக்கும், ஓட்டி ஏற்றினால் பின் சக்கரம் வழுக்கும். வண்டியை நடுவில் நிறுத்தி அதன் பக்கத்திலேயே நில்லுங்கள். அக்கரையில் மண்டூர் முருகன் கோயில் நடை தூரம்தான். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைக்கவேண்டும். தவறவிட்டால் வீதியால் சுற்றி வருவது நீண்ட வழி, அதுவும் யானை வீதி.

நகரை விட்டு விலக விருப்பமில்லாதவர்கள் பாலமீன்மடுவுக்குப் போங்கள், சுமார் 5 கிலோமீற்றர். 1913 இல் கட்டிய வெளிச்சவீடு, சுற்றிலும் கண்டல், பின்னே முகத்துவாரம். வறண்ட மாதங்களில் மணல் அடைத்து வாவியும் கடலும் பிரிந்திருக்கும், மழையில் வாவி நிரம்பும்போது திறக்கும். அடைத்திருக்கும்போது மணல்மேட்டில் நடக்கலாம். திறந்திருந்தால் ஓரத்துக்கே போகவேண்டாம். அடியில் நீர் அரித்திருப்பதால் மேலே திடமாகத் தெரியும் மணல் ஆளோடு இடிந்து விழும், நீரோட்டம் கடலுக்குத்தான் இழுக்கும். கண்டலுக்குள் படகில் போகக் காலை 7 மணிக்கு முன் இறங்குங்கள், பிறகு பறவையும் இல்லை, நிழலும் இல்லை.

ஆழ்கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பற்றிப் பலர் கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி அது. 50 மீற்றருக்கும் கீழே கிடப்பதால் ஆழ்நீர்ப் பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும்.

சாப்பாடு

காலையில் பிட்டு அல்லது இடியப்பம், சொதி, மீன்கறி. கடை 9 மணிக்கு மேல் பிட்டு வைத்திருக்காது. மத்தியானம் சோறு, வாவி இறால், நண்டு. நண்டு வேண்டும் என்றால் காலையிலேயே சொல்லி வையுங்கள். பிடித்து வந்ததைக் காட்டி, நிறைக்கு விலை பேசி, பிறகு சமைக்கச் சொல்வதே முறை. நிலவு காலத்து நண்டில் சதை இல்லை என்பது வாவிக்காரர் வாக்கு. பூரணைக்கு மீன் பாட்டுக் கேட்க வருகிறவர் இறாலோடு திருப்திப்படுவது நல்லது. காரம் கூடுதலாக இருக்கும். “அக்கா, உறைப்பு கொஞ்சம் குறைச்சு” என்று சொல்லவேண்டிய நேரம் சட்டி அடுப்பில் ஏறுமுன்.

எருமைத் தயிர்தான் ஊருக்குக் கொண்டுபோக ஏற்றது. புறப்படுகிற நாள் காலையில் வாங்குங்கள், முதல் நாளே வாங்கி வைக்கவேண்டாம். மேல்தாளைச் சற்று விலக்கிச் சட்டியைச் சாய்த்துப் பாருங்கள். நன்றாக உறைந்த தயிர் அசையாது, ஓரத்தில் மட்டும் நூலளவு விலகும். மேலே நீர் தேங்கி நின்றால் பழையது, அல்லது வழியில் குலுங்கியது. புதிதாக உறைந்த சட்டியின் வெளிப்புறம் ஈரமாக இருப்பது இயல்பு, மண்சட்டி நீரை உறிஞ்சி வெளியே விடும். அதனால் துணிப்பையோடு ஒன்றாக வைக்காதீர்கள். கயிறு கட்டித் தருவார்கள், அதையே கையில் தூக்கி, ரயிலில் மேல்தட்டில் வைக்காமல் காலடியில் இரண்டு பைகளுக்கு நடுவே இறுக்கி வையுங்கள். குளிரூட்டி இல்லாமல் மறுநாள் வரைதான் தாங்கும், அதற்குப் பிறகு புளித்துவிடும்.